குவார்ட்டர்ஸ் என்ற சொல்லும் எங்கள் நாலு இனிஷியலும்

1

இன்று காலை எங்கள் பிளாக்குக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். தில்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு பண்டிகை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் கட்டில், பீரோ, ஊறுகாய் ஜாடி, உடைந்த மேஜை விசிறி எல்லாம் வராந்தாவுக்கு வந்து, நம் பவிசு என்ன என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கதவில் எண்ணைப் புதிதாக எழுத வந்த பெயிண்டர் எங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்தார், படித்தார், பிறகு ஏணியில் நின்றவரையும் இறங்கி வரச் சொல்லிக் காட்டினார்.

"பெஹன்ஜி, யே கர் ஹை யா தஃப்தர்?" என்று கேட்டார். இது வீடா, ஆபீஸா?

அவர் கேட்டதில் தப்பில்லை. சரோஜினி நகரில் எல்லார் வாசலிலும் சாண் அகலத்துக்கு ஒரு பலகை, அதில் ஒரே ஒரு பெயர் இருக்கும். எங்களுடையது ஒன்றரை அடி உயரம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இப்படி எழுதியிருக்கிறது: எஸ். கனகவல்லி, ஸ்டெனோகிராபர். எம். தங்கராஜ், மேற்படியாரின் கணவர். பி. மாடசாமி, மேற்படியாரின் மாமனார். டி. மீனா, மேற்படியாரின் மகள்.

மேற்படியார் நான்தான். கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. மூன்று வருஷத்துக்கு முன், ஆசியப் போட்டி முடிந்த மறுவருஷம், இந்த வீடு எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது. நான் இந்த வீட்டுக்குள் வேறு ஆள் வைத்து வாடகை வாங்குகிறேன் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. வாடகைக்கு வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட ஆள், எனக்குத் தாலி கட்டியவர்.

2

நோட்டீஸ் வந்த அந்த மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியான இடைவேளையில் ஆபீஸ் நூலகத்துக்குப் போய்ப் பெரிய ஆங்கில அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் டைப் அடிக்கிற சொல், அதற்காக எட்டு வருஷம் வரிசையில் நின்ற சொல், அது என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லையே என்று தோன்றியது.

குவார்ட்டர் என்றால் கால். அது லத்தீனில் நாலாவது என்ற சொல்லிலிருந்து வந்து, பிரெஞ்சுக்காரன் வாயில் புகுந்து புறப்பட்டிருக்கிறது. இரண்டு பெரிய தெருக்கள் குறுக்கே வெட்டினால் ஊர் நாலாகப் பிரியுமே, அதில் ஒரு பகுதிக்கு அந்தப் பெயர். பிறகு ஊரில் எந்தப் பேட்டைக்கும் அதுவே பெயர். பிறகு பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். இந்தப் பகுதியில் இத்தனை பேர், அந்தப் பகுதியில் அத்தனை பேர் என்று தங்க வைத்ததால் சிப்பாய் படுக்கிற இடம் குவார்ட்டர்ஸ் ஆயிற்று. சிப்பாய் அங்கே வாழப் போவதில்லை. சண்டை வரும் வரை படுத்திருப்பான், ஊதினால் எழுந்து போவான். அந்தச் சொல்லை அப்படியே தூக்கி வந்து குமாஸ்தாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரிடையர்மென்ட் என்ற ஊதல் கேட்டதும் நாமும் எழுந்து போக வேண்டியதுதான்.

அதே பத்தியில் அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடிக்கும் இந்தச் சொல்தான். பெரிய பங்களாவின் பின்னால் வேலைக்காரருக்குக் கட்டுகிற ஓர் அறைக்கும் இதுதான். மாட்டின் பின்சப்பைக்கும் இதுதான். ராஜத் துரோகம் செய்தவனை அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாலு துண்டாக வெட்டுவார்களாம், அதற்கும் இதே சொல். அடுத்த வரியிலேயே, தோற்றுச் சரணடைந்தவனை வெட்டாமல் விடுகிற தயவுக்கும் குவார்ட்டர் என்று பெயர். இது எப்படி வந்தது என்று அகராதிக்கே நிச்சயமில்லை. பிடிபட்டவனுக்குத் தங்க ஓர் இடம் கொடுப்பதால் இருக்கலாம் என்று மென்று விழுங்கியது. வெட்டவும் ஒரே சொல், விடவும் ஒரே சொல். எனக்கு வந்திருந்த நோட்டீஸில் அது எந்த அர்த்தத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அகராதியை மூடி வைத்துவிட்டு எழுந்து வருவேன்.

ஊரில் இதற்கு இன்னோர் அர்த்தம் இருப்பதும் எனக்குத் தெரியும். 'ஒருவழியாக எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது' என்று நான் கார்டு போட்டபோது, என் தம்பி 'அத்தானுக்கு வாழ்த்துகள், அளவோடு இருக்கச் சொல்' என்று பதில் எழுதினான்.

3

இந்த ஊரில் இருபது வருஷம் முப்பது வருஷம் இருக்கிற தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கியிருக்கிற இடத்தை வீடு என்று சொல்ல மாட்டோம். 'குவார்ட்டர்ஸுக்குப் போறேன்' என்றால் சாயங்காலம் பஸ் பிடித்துப் போவது. 'வீட்டுக்குப் போறேன்' என்றால் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று பொருள். மீனாவுக்கு மட்டும் இந்தப் பேதம் கிடையாது. அவள் இங்கே பிறந்தவள். அவளுக்கு இது 'கர்', வீடு; கோவில்பட்டி 'தாதாஜி கா காவ்ம்', தாத்தாவின் ஊர். அப்பாவோடு பேசும்போதுகூட பாலை 'அப்பா, எனக்குத் தூத் வேணாம்' என்பாள். தமிழில் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது அவள் பெயர் மட்டும். அதிலும் 'மீ'யைத் தலைகீழாகச் சுழிப்பாள்.

இந்த வழக்கத்தில் என் வீட்டுக்காரரை யாரும் மிஞ்ச முடியாது. அவர் கரோல் பாக்கில் ஒரு டைப்ரைட்டர் ரிப்பேர் கடையில் மெக்கானிக். பால் பூத்காரர், முடிவெட்டுகிறவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், யார் எதைக் கேட்டாலும் இரண்டாவது வாக்கியத்தில் ஆரம்பித்துவிடுவார்: "ஹம் தோ யஹாம் பஸ் டெஹரே ஹுவே ஹைம். அப்னா மகான் மத்ராஸ் மேம் ஹை." நாங்கள் இங்கே சும்மா தங்கியிருக்கிறோம், சொந்த வீடு மதராஸ் பக்கம் இருக்கிறது.

அந்தச் சொந்த வீட்டின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் கட்டிய வீடு. மூன்று ஆண், ஒரு பெண், நாலு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்து எழுதி வைத்துவிட்டார். எங்கள் பங்குக்கு ஓர் அறை, வெளிச்சமே வராத ஒரு சமையல்கட்டு, கிணற்றில் நாலில் ஒரு பங்கு தண்ணீர். அகராதிப்படி பார்த்தால் அதுதான் அசல் குவார்ட்டர். இவர் அதை மாளிகை ரேஞ்சுக்குப் பேசுவார்.

ஏன் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பெண்டாட்டி பெயரில் ஒதுக்கிய வீட்டில் குடியிருக்கிற ஆம்பிளைக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். பேசட்டும், காசா பணமா என்று விட்டுவிட்டேன்.

4

குவார்ட்டர்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்தது ஒரு புதன்கிழமை காலை. நான் டோக்கனை எடுத்துக்கொண்டு பால் வரிசைக்குப் போயிருந்தேன்.

எங்கள் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வைத்திருக்கிற பாதிப் பேர் ஓர் அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டிருந்தார்கள். அது சட்ட விரோதம். அதனால் வாடகைக்கு வந்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். கீழ்வீட்டு மிஸஸ் பத்ராவுக்குச் சித்தி மகன் இருந்தான். அவன் போனதும் இன்னொரு சித்தி மகன் வந்தான். இன்ஸ்பெக்டர் பேட்டைக்குள் நுழைந்துவிட்டார் என்று தெரிந்தால் குழந்தைகள் ஓடிவந்து சொல்லும். உடனே ஒரு பூட்டைக் கழற்றி, ஓர் அடுப்பை மறைத்து, இரண்டு குடும்பம் ஒரு குடும்பமாகிவிடும். அவரும் பாவம், சித்திகளைக் கணக்கெடுத்துக் கணக்கெடுத்து ஓய்ந்து போயிருந்தார்.

எங்களுக்கு மறைக்க எதுவும் இல்லை. அதனால் ஒத்திகையும் இல்லை.

அவர் என் வீட்டுக்காரரிடம் பெயர் கேட்டிருக்கிறார். தங்கராஜ். முழுப் பெயர்? எம். தங்கராஜ். எம் என்றால்? மாடசாமி. அச்சா, தங்கராஜ் மாடசாமி. கட்டிலில் இருக்கிற பெரியவர்? பி. மாடசாமி. பி என்றால்? பெருமாள். மாடசாமி பெருமாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மீனா தானாகவே முன்னால் வந்து, "மேரா நாம் மீனா தங்கராஜ்" என்றிருக்கிறாள். இன்ஸ்பெக்டரின் காகிதத்தில் வீடு ஒதுக்கப்பட்டவர் பெயர் கனகவல்லி சுந்தரம் என்று இருக்கிறது. சுந்தரம் என் அப்பா.

நமக்கு இதில் ஒன்றுமில்லை. அப்பன் பேரில் முதல் எழுத்து, அவ்வளவுதான். வடக்கே ஒரு குடும்பம் என்றால் தாத்தாவில் ஆரம்பித்துப் பேத்தி வரை பெயருக்குப் பின்னால் ஒரே வால். அவர் நோட்டில் நாலு பேர், நாலு வால்.

சந்தேகம் வந்து என் மாமனாரிடம் கேட்டிருக்கிறார், இங்கே வாடகை கொடுக்கிறீர்களா என்று. மாமனார் கண் ஆபரேஷனுக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல் 'அச்சா'. அதைச் சொன்னார். எவ்வளவு காலமாகக் கொடுக்கிறீர்கள் என்றதற்கும் அதையே சொன்னார்.

கடைசியாக என் வீட்டுக்காரரிடம், "ஆப் யஹாம் கைஸே?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் இங்கே எப்படி?

யார் எதைக் கேட்டாலும் சொல்கிற பதிலை இவர் சொல்லிவிட்டார். சும்மா தங்கியிருக்கிறோம், சொந்த வீடு மதராஸ் பக்கம்.

நான் பாலோடு திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு வணக்கம்கூடச் சொன்னார்.

"யாரு வந்துட்டுப் போறது?"

"ஓட்டர் லிஸ்ட் எடுக்க வந்தவரு. தங்கமான மனுசன். டீ குடிக்கச் சொன்னேன், வேண்டாம்னுட்டாரு" என்றார் இவர்.

5

நோட்டீஸ் ஆபீஸ் தபாலில் வந்தது. மேற்படி குவார்ட்டர்ஸில் சம்பந்தமில்லாத இரண்டு குடும்பங்கள் வசிப்பதாகவும், அதில் ஒருவர் தாம் தங்கியிருப்பவர் மட்டுமே என்றும் தமக்கு வேறு இடத்தில் வீடு உண்டு என்றும் ஒப்புக்கொண்டிருப்பதாகவும், ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்றும் கேட்டிருந்தது. ரத்தானால் சில வருஷங்களுக்கு மறுபடி விண்ணப்பம் போடக்கூட முடியாது. வெளியே வாடகைக்குப் போனால் என் சம்பளம் அப்படியே வீட்டு ஓனர் கைக்குப் போகும். மீனாவின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தது. மாமனாருக்கு இரண்டாவது கண் பாக்கி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட இவர் மேல் கோபமாக இருந்தது. ஒரு வாரம் மீனா மூலமாகத்தான் பேசினேன்.

கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி தேட ஆரம்பித்தோம். கோயிலில் நடந்த கல்யாணம், சர்டிபிகேட் கிடையாது. பத்திரிகை தமிழில் இருந்தது. போட்டோவில் இவருக்குத் தலை நிறைய முடியும் அரிவாள் மீசையும் இருந்தன. அந்த ஆளையும் இந்த ஆளையும் ஒருவர் என்று நானே சொல்லத் தயங்குவேன். ரேஷன் கார்டில் உறவு என்ற கட்டத்தில் குமாஸ்தா நாலு பேருக்கும் 'மெம்பர்' என்று எழுதி வைத்திருந்தார். என் சர்வீஸ் புத்தகத்தில் வாரிசு என்ற இடத்தில் இன்னும் செத்துப்போன என் அப்பா பெயர்தான் இருந்தது. கல்யாணம் முடிந்து வந்ததும் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மிஸஸ் பத்ரா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கணவன்னு எதுக்குச் சொல்றீங்க? சித்தி மகன்னு சொல்லியிருக்கணும். சித்தி மகன்னாத்தான் அவங்க நம்புவாங்க" என்று இந்தியில் புத்தி சொன்னார். அவருடைய மூன்றாவது சித்தி மகன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

6

விசாரணைக்கு நான், இவர், மீனா மூன்று பேரும் போனோம். அதிகாரி வயதான பெங்காலி, சாது. பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார். இனிஷியல் விவகாரத்தை நான் படம் போட்டு விளக்கினேன். மீனா இந்தியில் அதை இன்னும் நன்றாக விளக்கினாள். 'ஹமாரே யஹாம் ஐஸா ஹீ சல்தா ஹை, அங்கிள்' என்றாள். எங்களில் இப்படித்தான் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். ஆனால் காகிதத்தில் இருப்பதை அழிக்க இன்னொரு காகிதம் வேண்டும். "நாலு பெயரை நான் விட்டுவிடுகிறேன், மேடம். உங்கள் கணவரே 'சும்மா தங்கியிருக்கிறேன், எனக்கு வேறு வீடு இருக்கிறது' என்று சொன்னதாக எழுதியிருக்கிறதே, அதை எப்படி விடுவது? அவர் குடியிருப்பது எங்கே, வேறு வீடு இருக்கிறதா இல்லையா என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கட்டும்" என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் டைப் அடித்துக் கொடுப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மெஷினில் ரிப்பன் சிக்கி நின்றிருந்தது. இவர் குனிந்து சுருளைக் கழற்றிச் சரி செய்தார். பிறகு அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்து, முத்திரைத் தாளைச் சொருகி, இரண்டு விரலால் அடிக்க ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்படி கனகவல்லியின் கணவனாகிய நான் அவருடைய குவார்ட்டர்ஸில் அவரோடு குடியிருக்கிறேன். எனக்கு வேறெங்கும் வீடோ வீட்டில் பங்கோ இல்லை.

"ஏங்க, இது சத்தியப் பிரமாணம். பங்கு இருக்குன்னே எழுதுங்க. பொய் எழுதினா உள்ள தூக்கிப் போட்டுருவான்" என்றேன்.

"பொய் இல்ல" என்றார். கை மெஷின் மேலேயே இருந்தது.

"என்னது பொய் இல்ல?"

"அத்தான் செத்தாருல்ல, அந்த வருசம் நம்ம பங்க அக்காவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்த ரூம்ல எப்படி இருப்பா. எங்க ஐயாவுக்கும் தெரியும்."

அவருடைய அக்கா, என் மதினி, தாலியறுத்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"ஆறு வருசமாவா? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லல?"

இவர் தாளை உருவிச் சரிபார்த்தார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

"நீ அங்க போயி இருக்கப் போறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்த. இந்த ஊர்க் குளிரு, பஸ்ஸு, ஆபீஸு எல்லாத்துக்கும் அதச் சொல்லித்தான் உன் மனசத் தேத்திக்கிட்ட. அதையும் எதுக்குப் பிடுங்கணும்னு விட்டுட்டேன். நானும் அப்பப்ப எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தேன், நீ கேக்கட்டும்னு."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அந்த ஒற்றை அறையை நான் அவ்வளவு கேலி பேசினேனே தவிர, என் மனசுக்குள் அதைக் கட்டிக்கொண்டே இருந்தேன். வெளிச்சமில்லாத அந்தச் சமையல்கட்டில் கிழக்குச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை பஸ் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே திட்டம் போட்டிருக்கிறேன். எத்தனை அடி அகலம் என்றுகூட முடிவு செய்து இவரிடம் சொல்லியிருக்கிறேன். இவர் 'ம்' கொட்டிக் கேட்டிருக்கிறார்.

அதிகாரி தாளைப் படித்தார், முத்திரை குத்தினார், ஒதுக்கீடு தொடரும் என்று எழுதினார். வாசலில் எல்லார் பெயரையும் உறவோடு ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடுங்கள், அடுத்த இன்ஸ்பெக்டர் பிழைத்துப் போகட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வீடு தங்கிவிட்டது. நான் ரிடையர் ஆகிற வரைக்கும்.

பஸ் ஸ்டாப்பில் வைத்து இவரைப் பிடித்துக்கொண்டேன். என் தமிழில், முழுத் தொண்டையில். யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தீர்கள், நான் ரிடையர் ஆன மறுநாள் எந்தப் பாலத்துக்குக் கீழே போய்ப் படுப்பது, ஆறு வருஷமாக என்னைக் கிறுக்கி ஆக்கி வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீனா எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஐந்தடி தள்ளி நின்றாள். இவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வரவில்லை. எனக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், "மதினி அந்தச் சமையக்கட்ட என்ன பண்ணினா? இருட்டுக்குள்ளயேதான் பொங்குறாளா?"

"ஜன்னல் வச்சுட்டா."

"எந்தப் பக்கம்?"

"கிழக்க. மூணடி. நீ சொன்ன அளவ எழுதிப் போட்டேன்" என்றார்.

நோட்டீஸ் வந்த நாளிலிருந்து வராத அழுகை, அந்த பஸ் ஸ்டாப்பில், அத்தனை பேருக்கும் முன்னால் வந்தது.